எஞ்சியோரின் சாட்சியம்

போர் முடிந்து படை கலைந்த பின்னரும், உடன் பணியாற்றியவர்கள் ஆண்டுதோறும் ஓரிடத்தில் கூடி உறவாடுவது பல நாடுகளில் நிலைத்துவிட்ட வழக்கம். கப்பலில் வாழ்ந்தவர்களிடையே இவ்வழக்கம் இன்னும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. போர்க்கப்பல் என்பது மிதக்கும் ஓர் ஊர். அதில் சமையற்கூடமும் மருத்துவமனையும் உண்டு. வழிபாடும் வழக்குமன்றமும் உண்டு. ஆயிரம் பேர் ஒரே இரும்புக் கூரையின் கீழ் உண்டு, உறங்கி, அஞ்சி, சிரித்து வாழ்கிறார்கள். அந்த ஊருக்கும் ஒருநாள் முடிவு வருகிறது. சில கப்பல்கள் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாகின்றன. சில அருங்காட்சியகங்களாக நிற்கின்றன. இலண்டன் தேம்ஸ் ஆற்றில் நிற்கும் 'பெல்ஃபாஸ்ட்', அமெரிக்காவின் தென் கரோலினாவில் நிற்கும் 'யார்க்டவுன்' ஆகியவை அத்தகையவை. அவற்றில் பணியாற்றிய முதியவர் தாம் உறங்கிய இடத்தைப் பேரனுக்குக் கைநீட்டிக் காட்ட முடியும்.

காட்டுவதற்குக் கப்பலே இல்லாதவர்களும் கூடுகிறார்கள். அமெரிக்கக் கடற்படையின் 'இண்டியானாபொலிஸ்' கப்பலில் பணியாற்றி உயிர் பிழைத்தவர்கள் 1960ஆம் ஆண்டு முதன்முறையாகக் கூடினார்கள். பழைய நண்பர்களின் விருந்தாகத் தொடங்கிய அந்தக் கூட்டம், பின்னாளில் ஒரு நாட்டின் சட்டமன்றத்தையே தன் பக்கம் திரும்பிப் பார்க்கச் செய்தது. கூடி நினைத்தல் என்னும் செயலுக்கு எவ்வளவு வலிமை உண்டு, அதன் எல்லை எது என்னும் இரண்டையும் அவர்களுடைய வரலாறு நமக்குக் கற்பிக்கிறது.

கப்பலும் அதன் சுமையும்

'இண்டியானாபொலிஸ்' 1932 நவம்பரில் பணியில் சேர்க்கப்பட்ட கனரகப் போர்க்கப்பல். ஏறக்குறைய 186 மீட்டர் நீளம். அதிபர் ரூஸ்வெல்ட் பயணம் செய்த பெருமை அதற்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலில் போரிட்ட ஐந்தாம் கடற்படைக்குத் தலைமைக் கப்பலாகவும் அது விளங்கியது. 1945 மார்ச் 31ஆம் நாள் ஒகினாவாத் தீவருகே ஜப்பானியத் தற்கொலைப்படை விமானம் ஒன்று அதன்மீது மோதியதில் 9 மாலுமிகள் உயிரிழந்தனர். பழுதுபார்ப்பதற்காகக் கப்பல் கலிபோர்னியாவுக்குத் திரும்பியது.

பழுது நீங்கியதும் அதற்கு ஓர் இரகசியப் பணி தரப்பட்டது. 1945 ஜூலை 16ஆம் நாள் காலை, அது சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டது. அதே நாள் விடியலில்தான் நியூ மெக்சிகோப் பாலையில் உலகின் முதல் அணுகுண்டு சோதிக்கப்பட்டது. கப்பலில் ஏற்றப்பட்ட பெட்டியில் இருந்தது என்னவென்று மாலுமிகளுக்குத் தெரியாது. கப்பல் தலைவர் சார்லஸ் பட்லர் மெக்வேயிடமும் அது சொல்லப்படவில்லை. ஜூலை 26ஆம் நாள் தினியான் தீவில் அந்தச் சுமை இறக்கப்பட்டது. ஹிரோஷிமாவின்மீது வீசப்படவிருந்த குண்டின் பாகங்களும் யுரேனியமுமே அவை.

பணி முடிந்து, குவாம் வழியாகப் பிலிப்பைன்சின் லேட்டே தீவை நோக்கிக் கப்பல் புறப்பட்டது. நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் கருவி அதில் இல்லை. துணைக்கு ஒரு கப்பல் வேண்டும் என்று மெக்வே கேட்டார். தேவையில்லை என்று பதில் வந்தது. அதே வழித்தடத்தில் ஜப்பானிய நீர்மூழ்கிகள் நடமாடும் செய்தி மேலிடத்துக்குத் தெரிந்திருந்தது. சில நாட்களுக்கு முன் 'அண்டர்ஹில்' என்ற கப்பல் அத்தகைய தாக்குதலில் மூழ்கியும் இருந்தது. இவற்றில் எதுவும் மெக்வேயிடம் தெரிவிக்கப்படவில்லை.

நான்கு பகல், ஐந்து இரவு

ஜூலை 30ஆம் நாள் நள்ளிரவு கடந்து சில நிமிடங்களில், ஹாஷிமோட்டோ என்ற தலைவரின்கீழ் இயங்கிய ஜப்பானின் 'ஐ-58' நீர்மூழ்கி ஏவிய டார்பிடோக்களில் இரண்டு கப்பலைத் தாக்கின. 12 நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. அதில் இருந்தவர்கள் 1,195 பேர். ஏறக்குறைய 300 பேர் கப்பலோடு கடலுக்குள் போயினர். ஏறக்குறைய 900 பேர் இருளில், எண்ணெய் படர்ந்த நீரில் மிதந்தனர். தெப்பங்கள் சிலவே இருந்தன. பலருக்கு உயிர்காப்பு அங்கி மட்டுமே துணை. சிலருக்கு அதுவும் இல்லை.

பகலில் வெயில் தோலை உரித்தது. இரவில் குளிர் நடுக்கியது. சுற்றிலும் நீர், குடிக்க ஒரு துளி இல்லை. தாகம் தாங்காமல் கடல்நீரைக் குடித்தவர்கள் மனம் பிறழ்ந்தார்கள். கண்ணெதிரே தீவு தெரிகிறது என்று சொல்லி நீந்திப் போனவர்கள் திரும்பவில்லை. கப்பல் நமக்கு அடியிலேயே நிற்கிறது, அங்கே நல்ல தண்ணீர் இருக்கிறது என்று சொல்லி மூழ்கியவர்களும் உண்டு. சுறாமீன்களும் வந்தன. 1975இல் வெளிவந்த 'ஜாஸ்' திரைப்படம் அந்த ஒரு செய்தியை உலகெங்கும் பரப்பியது. ஆயினும் பெரும்பாலோரைக் கொன்றவை வெயிலும் தாகமும் உப்புநீரும் களைப்புமே. இறுதியில் எஞ்சியவர்கள் 316 பேர்.

நீந்திச் சென்ற குரு

அந்த நீரில் ஒரு கத்தோலிக்கக் குருவும் இருந்தார். கப்பலின் ஆன்மகுருவாகிய அருட்தந்தை தாமஸ் கான்வே அவர். கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரி நகரில் 1908இல் பிறந்தவர். பஃபலோ மறைமாவட்டத்துக்காக 1934இல் குருப்பட்டம் பெற்றவர். 1942இல் கடற்படையில் சேர்ந்தவர். ஒகினாவாவில் 9 மாலுமிகள் இறந்தபின் கப்பல் பழுதுபார்க்கப்பட்ட நாட்களில் அவருக்கு விடுமுறை கிடைத்தது. அந்த விடுமுறையை, இறந்தவர்களின் குடும்பங்களைத் தேடிச் சென்று ஆறுதல் சொல்வதற்கே அவர் செலவிட்டார். இதை அறிந்தவர்களுக்கு, பின்னர் கடலில் அவர் செய்தது வியப்பாக இருக்காது.

மிதந்தவர்கள் சிறுசிறு கூட்டங்களாகச் சிதறிக் கிடந்தனர். தந்தை கான்வே ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்கு நீந்திச் சென்றார். தனியே விலகி மிதந்தவர்களை இழுத்து வந்து கூட்டத்தோடு சேர்த்தார். பாவசங்கீர்த்தனம் கேட்டார், இறப்பவர்களோடு செபித்தார். கத்தோலிக்கர், பிற சபையார் என்ற வேறுபாடு அந்த நீரில் இல்லை. மூன்று நாட்கள் இவ்வாறு உழைத்துத் தம் வலிமை முழுவதையும் செலவழித்தபின், மீட்பு வருவதற்குச் சற்று முன்பாக அவர் உயிர் நீத்தார். அவருடைய கடைசி நேரத்தில் அருகிலிருந்தவர் கப்பலின் மருத்துவர் லூயிஸ் ஹேன்ஸ்.

தந்தை கான்வேயைப் பற்றி நாம் அறிந்தவை பெரும்பாலும் பிழைத்தவர்களின் வாய்மொழிகளே. அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. அவர் பணிபுரிந்த பலிபீடமும் கடலடியில் கிடக்கிறது. பிழைத்தோர் பேசாதிருந்தால் அவரும் எண்ணூற்று எழுபத்தொன்பது பெயர்களுள் ஒரு பெயராகவே இருந்திருப்பார்.

யாரும் தேடவில்லை

ஒரு பெரும் போர்க்கப்பல் வரவேண்டிய நாளில் வந்து சேரவில்லை. ஆயினும் யாரும் தேடவில்லை. இது எவ்வாறு நிகழ்ந்தது?

போர்க்கப்பல்களின் வருகையைத் துறைமுக அலுவலர்கள் அறிவிக்க வேண்டியதில்லை என்று அந்நாளில் ஒரு விதி இருந்தது. வருகையை அறிவிக்க வேண்டாம் என்றால் வராமையையும் அறிவிக்க வேண்டாம் என்றே அவ்விதி பொருள் கொள்ளப்பட்டது. குவாமில் இருந்தவர்கள் கப்பல் லேட்டேயில் இருக்கும் என்று எண்ணினர். லேட்டேயில் இருந்தவர்களோ அதற்கு வேறு ஆணை கிடைத்திருக்கும் என்று எண்ணினர். பெரிய கப்பல் ஒன்றை மூழ்கடித்ததாக 'ஐ-58' தன் தலைமையகத்துக்கு அனுப்பிய செய்தியை அமெரிக்க உளவுப்பிரிவு இடைமறித்துப் படித்திருந்தது. அதையும் யாரும் பொருட்படுத்தவில்லை. இவர்களில் ஒருவரும் கொடியவர் அல்லர். ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டார்கள். அந்த எண்ணத்துக்கு விலையாக நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின.

ஆகஸ்ட் 2ஆம் நாள் முற்பகலில், வில்பர் குவின் என்ற விமானி ரோந்து சென்றுகொண்டிருந்தார். விமானத்தின் வானலைக் கம்பியில் ஏற்பட்ட கோளாறைக் கவனிக்கையில், கீழே கடலில் எண்ணெய்ப் படலத்தைக் கண்டார். தாழ்ந்து பார்த்தபோது அதில் மனிதத் தலைகள் தெரிந்தன. அவர் அனுப்பிய செய்தியைக் கேட்டு ஏட்ரியன் மார்க்ஸ் என்ற விமானி தம் கடல் விமானத்தில் வந்தார். நடுக்கடலில் இறங்கக் கூடாது என்ற ஆணை இருந்தும், தனித்து மிதந்தவர்கள் மடிவதைக் காணப் பொறாமல் அலைகளின்மீதே விமானத்தை இறக்கினார். உள்ளே இடம் நிரம்பியதும் பிழைத்தவர்களை இறக்கைகளின் மேல் கிடத்திக் கயிற்றால் கட்டினார். அவ்வாறு 56 பேரைக் காப்பாற்றினார். இரவில் முதலில் வந்து சேர்ந்த 'சிசில் டாயில்' கப்பலின் தலைவர் கிளேட்டர், பகைவரின் நீர்மூழ்கி பார்த்துவிடும் என்ற ஆபத்தையும் பாராது, பெருவிளக்கை வானை நோக்கி எரியவிட்டார். உதவி வந்துவிட்டது என்று மிதப்பவர்கள் அறிய வேண்டும் என்பதே அவர் நோக்கம். அந்த ஒளியைக் கண்டதனால்தான் இன்னும் ஓர் இரவைத் தாங்கினோம் என்று பிழைத்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள்.

ஒருவர் தலைமேல் சுமத்தப்பட்டது

கப்பல் மூழ்கிய செய்தி, ஜப்பான் சரணடைந்த செய்தி வெளியான அதே நாளில் அறிவிக்கப்பட்டது. நாடு முழுவதும் மகிழ்ச்சியில் ஆர்ப்பரித்துக்கொண்டிருந்தபோது, 879 வீடுகளில் அழுகுரல் எழுந்தது. போர் முடியும் வேளையில் மகனை இழந்தவர்கள் காரணம் கேட்டார்கள். அவர்களுக்கு ஒரு விடை தேவைப்பட்டது.

1945 டிசம்பரில் மெக்வே கடற்படை நீதிமன்றத்தின்முன் நிறுத்தப்பட்டார். நீர்மூழ்கியின் குறியிலிருந்து தப்பக் கப்பலை இடமும் வலமுமாக வளைத்து ஓட்டவில்லை என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. அவருக்குத் தரப்பட்ட ஆணையோ, அவ்வாறு ஓட்டுவதை அவருடைய முடிவுக்கே விட்டிருந்தது. அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல, கப்பலை மூழ்கடித்த ஹாஷிமோட்டோவையே ஜப்பானிலிருந்து வரவழைத்தார்கள். வளைத்து ஓட்டியிருந்தாலும் தாம் தாக்கியிருக்க முடியும் என்பதே அவர் சொன்னதன் சாரம். ஆயினும் மெக்வே குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது. அந்தப் போரில் அமெரிக்கா இழந்த கப்பல்கள் பல நூறு. பகைவர் தாக்குதலில் கப்பலை இழந்ததற்காக இவ்வாறு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட கப்பல் தலைவர் இவர் ஒருவரே.

பழைய ஏற்பாட்டில், மக்கள் அனைவரின் குற்றங்களையும் ஓர் ஆட்டின் தலைமீது சுமத்தி, அதைப் பாலைநிலத்துக்கு விரட்டிவிடும் சடங்கு ஒன்று சொல்லப்படுகிறது. ஆடு தன்மேல் சுமத்தப்பட்டதை அறியாது. விரட்டியவர்களுக்கு மனம் இலேசாகிவிடும். மெக்வேக்கு நேர்ந்தது ஏறத்தாழ இதுதான். துணைக்கப்பல் மறுத்தவர்கள், செய்தியை மறைத்தவர்கள், தேடாதிருந்தவர்கள் ஆகிய எல்லாரின் தவறும் ஒரு மனிதரின் தலையில் இறங்கியது. தண்டனை 1946இல் நீக்கப்பட்டது. 1949இல் அவர் ஓய்வு பெற்றார். தண்டனை நீங்கியும் தீர்ப்பு நீங்கவில்லை. இறந்தவர்களின் உறவினர் சிலர் ஆண்டுக்கணக்காக அவருக்குச் சபிக்கும் கடிதங்களை எழுதினார்கள். கிறிஸ்து பிறப்பு விழா நாட்களிலும் அவை வந்தன. அவர் அக்கடிதங்களை எறிந்துவிடாமல் வைத்திருந்தார்.

1960: முதற் கூட்டம்

பிழைத்தவர்களோ பல ஆண்டுகள் பேசவில்லை. திருமணமாகிக் குழந்தைகள் பிறந்த பின்னரும், கடலில் கண்டதை மனைவியிடம்கூடச் சொல்லாதவர்கள் அவர்களில் பலர். தன் கையிலிருந்து நழுவிப்போன நண்பனின் முகத்தை இரவில் கண்டு விழித்தெழுபவன், பகலில் அதை யாரிடம் சொல்வான்? சொன்னாலும், கேட்பவருக்கு என்ன விளங்கும்?

இந்த மௌனத்தை உடைக்க முயன்றவர்களுள் முதன்மையானவர், கப்பலில் கடற்படைத் தரைவீரராக இருந்த கைல்ஸ் மெக்காய். அவருடைய முயற்சியால் 1960 ஜூலை இறுதியில், கப்பல் மூழ்கிய நாளையொட்டி, கப்பலுக்குப் பெயர் கொடுத்த இண்டியானாபொலிஸ் நகரில் முதற்கூட்டம் நடைபெற்றது. மெக்வேயும் அழைக்கப்பட்டார். அவர் தயங்கினார். கடிதங்கள் எழுதியவர்களைப் போலவே மாலுமிகளும் தம்மை வெறுப்பார்கள் என்று அவர் அஞ்சியதில் வியப்பில்லை. இறுதியில் மனைவியுடன் வந்தார். அவர் வந்திறங்கியபோது, பதினைந்து ஆண்டுகளுக்குமுன் அவருடைய ஆணைக்குக் கீழ்ப்பட்டிருந்தவர்கள் வரிசையாக நின்று அவருக்கு வீரவணக்கம் செலுத்தினார்கள்.

நீதிமன்றம் சொன்னதை அந்த வணக்கம் மறுத்தது. கப்பலில் இருந்தவர்கள் தங்கள் தலைவர்மேல் குற்றம் காணவில்லை. குற்றம் கண்டவர்கள் கப்பலில் இல்லாதவர்கள். குவினும் மார்க்ஸும்கூட அக்கூட்டத்துக்கு வந்தார்கள். தம்மைத் தூக்கி எடுத்த கைகளைப் பிழைத்தவர்கள் பற்றிக்கொண்டார்கள். அவர்களைத் தங்கள் காவல் தூதர்கள் என்றே அழைத்தார்கள். அன்றுமுதல் அக்கூட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்று தொடர்ந்து, பின்னர் இடைவெளி குறைந்து, இறுதியில் ஆண்டுதோறும் நடக்கலாயிற்று.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். மண்டபத்துக்குள் மெக்வேக்கு வணக்கம் கிடைத்தது; மண்டபத்துக்கு வெளியே தீர்ப்பு அப்படியே இருந்தது. கடிதங்கள் நின்றுவிடவில்லை. பின்னர் அவர் மனைவியையும் இழந்தார். 1968 நவம்பர் 6ஆம் நாள், தம் 70ஆம் வயதில், தம் வீட்டில் தமது உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். இறந்த ஆன்மாக்களைத் திருச்சபை நினைவுகூரும் மாதம் அது. அவரைத் தீர்ப்பிடும் உரிமை நமக்கு இல்லை. இறைவனின் இரக்கத்தில் அவரை ஒப்படைப்பதே நம் கடமை. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பொதுமன்றத்தில் பறிக்கப்பட்ட ஒருவரின் பெயரை, தனியே காட்டும் அன்பு முழுமையாகத் திருப்பித் தந்துவிடுவதில்லை. நண்பர்களின் அன்பு அவருக்குக் குறைவின்றிக் கிடைத்தது, நீதி கிடைக்கவில்லை.

பகைவனும் பள்ளி மாணவனும்

பிழைத்தவர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். அதனால்தான் தலைவர் இறந்தபின்னும் அவர்கள் விடவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம், மனுவுக்கு மனு என்று தீர்ப்பை மாற்றக் கோரினார்கள். முடிந்துபோன வழக்கு என்பதே நெடுங்காலம் கிடைத்த மறுமொழி. 1995 ஆகஸ்ட் 2ஆம் நாள், இண்டியானாபொலிஸ் நகரின் கால்வாய்க் கரையில் கப்பலுக்கு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. கப்பலில் இருந்தவர்களின் பெயர்கள் கருங்கல்லில் பொறிக்கப்பட்டன. இறந்தவர்களுக்குக் கல் கிடைத்தது. தலைவருக்கு இன்னும் நீதி கிடைக்கவில்லை.

இரண்டு உதவிகள் எதிர்பாராத திசைகளிலிருந்து வந்தன. முதலாவது, பகைவரிடமிருந்து. போருக்குப்பின் ஹாஷிமோட்டோ ஜப்பானின் கியோட்டோ நகரில் ஷிண்டோ சமயக் குருவாக வாழ்ந்தார். 1990 டிசம்பரில் அவர் ஹவாய்த் தீவின் பேர்ல் துறைமுகத்துக்கு வந்து, பிழைத்தவர்களில் சிலரைச் சந்தித்தார். தம்மால் இறந்தவர்களுக்காக அவர்களோடு சேர்ந்து செபிக்க வந்திருப்பதாகச் சொன்னார். மெக்காய் அவரை மன்னிப்பதாகச் சொன்னார். மன்னிப்பு எல்லாருக்கும் ஒரே நாளில் வாய்ப்பதில்லை. அதற்கு ஒருவர் முதலடி எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. 1999 நவம்பரில் ஹாஷிமோட்டோ அமெரிக்கச் செனட் உறுப்பினர் ஜான் வார்னருக்கு ஒரு கடிதம் எழுதினார். கப்பல் வளைந்து சென்றிருந்தாலும் தாம் அதைத் தாக்கியிருக்க முடியும் என்று மீண்டும் உறுதிப்படுத்தினார். இரு நாட்டு மக்களும் ஒருவரையொருவர் மன்னித்துவிட்டார்கள். மெக்வேயையும் அவருடைய நாட்டார் விடுவிக்கும் காலம் வந்துவிட்டதே என்னும் கருத்தையும் அதில் எழுதினார். தம் தலைவரைக் காக்க, அவருடைய கப்பலை மூழ்கடித்தவரே சாட்சியாக வந்ததைப் பிழைத்தவர்கள் கண்டார்கள்.

இரண்டாவது உதவி ஒரு சிறுவனிடமிருந்து வந்தது. 1996இல் புளோரிடா மாநிலத்தின் ஹண்டர் ஸ்காட் என்ற பள்ளி மாணவன் 'ஜாஸ்' திரைப்படத்தில் இந்தக் கப்பலைப் பற்றிக் கேள்விப்பட்டான். பள்ளி வரலாற்றுப் போட்டிக்கு அதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டான். பிழைத்தவர்களுக்குக் கடிதம் எழுதினான். ஏறக்குறைய 150 பேரிடம் செய்தி திரட்டினான். ஐம்பது ஆண்டுகளாகக் கேட்பாரின்றிக் கிடந்த சாட்சியங்கள் ஒரு மாணவனின் கையில் ஒன்றுசேர்ந்தன. கடற்படை மறைத்து வைத்திருந்த உளவுச் செய்திகளும் அதற்குள் வெளிப்பட்டிருந்தன. கப்பலின் பெயரையே தாங்கிய ஒரு நீர்மூழ்கி 1998இல் ஓய்வு பெற்றது. அதன் கடைசித் தலைவரான வில்லியம் டோட்டியும் பிழைத்தவர்களின் பக்கம் நின்று எழுதினார். 1999 செப்டம்பரில் செனட் குழுவின்முன் முதியவர்கள் சாட்சி சொன்னார்கள், சிறுவனும் சொன்னான்.

2000 அக்டோபரில், கப்பல் மூழ்கியதற்கு மெக்வே பொறுப்பாளி அல்லர் என்பதை அவருடைய பணிப்பதிவு காட்ட வேண்டும் என்னும் தீர்மானத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதிபர் கிளிண்டன் அக்டோபர் 30ஆம் நாள் கையொப்பமிட்டார். ஹாஷிமோட்டோ அதைக் காணவில்லை. ஐந்து நாட்களுக்கு முன்பே அவர் இறந்திருந்தார். 2001 ஜூலையில் கடற்படைச் செயலர் அந்தத் தீர்மானத்தை மெக்வேயின் பணிப்பதிவில் சேர்க்கச் செய்தார். பழைய தீர்ப்பு ஏட்டிலிருந்து அழிக்கப்படவில்லை. அதன் அருகில் உண்மை எழுதப்பட்டது. மெக்வே இறந்து 32 ஆண்டுகளுக்குப் பின்னர் வந்த நீதி இது. காலம் கடந்த நீதிதான். ஆயினும் பிழைத்தவர்கள் கூடியிராவிட்டால் இதுவும் வந்திராது.

சிறுத்துவரும் கூட்டம்

ஆண்டுகள் செல்லச் செல்ல, கூட்டத்துக்கு வரும் முதியவர்களின் தொகை குறைந்தது. உடன் வரும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெருகினார்கள். இறந்தவர்களின் குடும்பங்களும் வந்தன. எந்தக் குடும்பங்களிலிருந்து ஒருகாலத்தில் சாபக் கடிதங்கள் புறப்பட்டனவோ, அத்தகைய குடும்பங்களின் அடுத்த தலைமுறையினர், தாம் பாராத தந்தையைப் பற்றியும் சிற்றப்பாவைப் பற்றியும் ஒரு சொல்லாவது கேட்கலாம் என்று வந்தார்கள். பிள்ளைகள் தமக்கென ஓர் அமைப்பை ஏற்படுத்தி, அதற்கு 'இரண்டாம் காவல்' என்ற பொருளில் பெயரிட்டார்கள். கப்பலில் ஒரு குழுவின் காவல் முடிந்ததும் அடுத்த குழு பொறுப்பேற்பது மரபு. ஹாஷிமோட்டோவின் பேத்தியும் இந்தக் கூட்டங்களுக்கு வந்திருக்கிறார். பிழைத்தவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்திருக்கிறார்.

2017 ஆகஸ்டில் ஆய்வாளர் குழு ஒன்று கப்பலைக் கடலடியில் ஏறத்தாழ 5,500 மீட்டர் ஆழத்தில் கண்டறிந்தது. அது அந்த மாலுமிகளின் கல்லறை என்று மதிக்கப்பட்டு, தொடப்படாமல் விடப்பட்டிருக்கிறது. 2020 ஜூலையில் நாடாளுமன்றத்தின் பொற்பதக்கம் கப்பலின் மாலுமிகள் அனைவருக்கும் வழங்கப்பட்டபோது, உயிரோடிருந்தவர்கள் எட்டுப் பேரே. 2021 ஜனவரியில் தந்தை கான்வேக்குக் கடற்படையின் உயரிய விருதுகளுள் ஒன்றான 'கடற்படைச் சிலுவை' அவருடைய சொந்த நகரில் வழங்கப்பட்டது. அவருடைய செயலைப் பரிந்துரைக்க மேலதிகாரி எவரும் உயிரோடு இல்லை என்ற காரணத்தால் அது பல ஆண்டுகள் தடைப்பட்டிருந்தது. 2022இல் 13 மாலுமிகளின் ஏடு திருத்தப்பட்டது. 'காணாமற் போனோர்' என்றிருந்தவர்கள் உண்மையில் மீட்புக் கப்பல்களால் எடுக்கப்பட்டுக் கடலில் அடக்கம் செய்யப்பட்டவர்கள் என்பது அப்போதுதான் பதிவாயிற்று. எழுபத்தேழு ஆண்டுகள் கழித்தும் திருத்தத்தக்க தவறு இருக்கிறது. திருத்த விரும்புவோரும் இருக்கிறார்கள்.

நினைக்க வேண்டிய இன்னொரு கூட்டம்

இந்த வரலாற்றை நேர்மையோடு சொல்லும் எவரும் தினியானில் இறக்கப்பட்ட பெட்டியை மறந்துவிட முடியாது. 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள், ஆண்டவரின் உருமாற்ற விழா நாளன்று, அந்தக் குண்டு ஹிரோஷிமாவின்மீது வீசப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 1,40,000 பேர் மடிந்தனர் என்பது அந்நகரின் மதிப்பீடு. அங்கும் எஞ்சியவர்கள் உண்டு. அவர்களும் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 6ஆம் நாள் கூடுகிறார்கள். அவர்களும் முதுமையால் குறைந்துவருகிறார்கள். மாலுமிகள் தாம் சுமந்தது இன்னதென அறியாதவர்கள். ஆயினும் ஒரு கூட்டத்தின் துயரைக் கேட்டுவிட்டு மற்றக் கூட்டத்தின் துயருக்குச் செவி மூடுவது கிறிஸ்தவ நினைவு ஆகாது. கடலில் மிதந்தவனின் தாகமும், எரிந்த நகரில் நீர் கேட்டுத் தவித்த குழந்தையின் தாகமும் இறைவன் திருமுன் ஒரே குரலாகவே எழும்புகின்றன.

கூடி நினைப்பவர் கடமை

நாமும் கூடி நினைப்பவர்களே. நம் வழிபாட்டின் நடுவே இருப்பது ஒரு நினைவு. குற்றமற்ற ஒருவர் தீர்ப்பிடப்பட்டு இறந்ததன் நினைவு அது. ஒவ்வொரு திருப்பலியிலும் அந்தத் தீர்ப்பு பொய் என்றும், அவர் வாழ்கிறார் என்றும் நாம் வெளிப்படையாக அறிக்கையிடுகிறோம். கதவை அடைத்துக்கொண்டு அஞ்சியிருந்த சீடர்கள் கதவைத் திறந்து வெளியே வந்து பேசிய நாளில்தான் திருச்சபை பிறந்தது.

இதை நினைக்கும்போது, மெக்வேயின் வாழ்வு நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறது. ஊரிலும் அலுவலகத்திலும், ஏன், பங்கிலும்கூட, பலரின் தவறு ஒருவர் தலையில் ஏற்றப்படுவதை நாம் கண்டிருக்கிறோம். அவர் குற்றமற்றவர் என்று நமக்குத் தெரியும். இருட்டிய பிறகு அவர் வீட்டுக்குச் சென்று, 'நீங்கள் நல்லவர் என்று எங்களுக்குத் தெரியும்' என்று ஆறுதல் சொல்கிறோம். மறுநாள் கூட்டத்தில் அவர் பெயர் இழுக்கப்படும்போது, தலைகுனிந்து அமர்ந்திருக்கிறோம். அந்த ஆறுதல் பொய்யன்று. ஆனால் அது பாதி அன்பு. மெக்வேயின் மாலுமிகள் அவருக்குத் தனியே வணக்கம் செலுத்தியதோடு நின்றுவிடவில்லை. அவர் இறந்தபின்னும், தள்ளாத வயதில், நாட்டின் உயர் மன்றத்துக்குச் சென்று, பதிவேட்டில் எழுதப்படும்வரை பேசினார்கள். அவர் உயிரோடிருந்தபோதே அது முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்ற ஏக்கம் அவர்களை விட்டு நீங்கியிராது.

நம்மில் யாருக்காவது அவ்வாறு பேச வேண்டிய கடன் இருக்குமானால், நவம்பர் மாதத்துக் கல்லறை மெழுகுவத்தி வரை அதை ஒத்திவைக்க வேண்டாம். அவர் இன்று உயிரோடிருக்கிறார், இன்றே பேசிவிடலாம்.